சிவப்பு கீழ்வீட்டுக்கு, கருப்பு மேல்வீட்டுக்கு

என் மாமனார் விட்டுப்போன சொத்தைப் பாகம் பிரித்த அன்றைக்கு நான் சமையலறையில் இருந்தேன். இருந்திருக்கக் கூடாது. கூடத்துக்குப் போய் அண்ணன் தம்பி இரண்டு பேர் தலையிலும் நறுக்கென்று ஒரு குட்டு வைத்திருக்க வேண்டும். வீட்டைப் பிரித்தார்கள், சரி. கீழ்வீடு எங்களுக்கு, மேல்வீடு அத்தானுக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு. ஏணியையும் அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். இப்போது இரண்டு பேருக்குமே பரண் எட்டாது. கடைசியாக மிஞ்சியது ஜம்பர் கேபிள். ஒரு காரின் பேட்டரி செத்துவிட்டால் இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து உயிர் கொடுக்கிற இரட்டை வயர், சிவப்பும் கருப்பும் ஒட்டியது. அதைக் கத்தியால் கீறிப் பிரித்தார்கள். சிவப்பு தம்பிக்கு, கருப்பு அண்ணனுக்கு. ஒன்று மட்டும் இருந்தால் துணி காயப்போடத்தான் ஆகும் என்று சொல்ல அந்தக் கூடத்தில் ஒரு ஆள் இல்லை.

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அதன் பிறகு அவர்கள் பேச்செல்லாம் என் வாய் வழியாகத்தான். தண்ணீர் மோட்டார் போட்டாயிற்றா, வாசல் பல்பை மாற்றுவது யார், எல்லாவற்றுக்கும் நான் படியேறி இறங்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் இதே கூத்துதான்.

இந்த லட்சணத்தில், என் டிரைவிங் டெஸ்ட் நாளன்று காலையில் எங்கள் கார் கிளம்பவில்லை. சாவியைத் திருகினால் பல்லி மாதிரி டிக் டிக் என்கிறதே தவிர வேறு சத்தம் இல்லை.

நான் நர்ஸ். வேலை பார்த்த கிளினிக்கைப் பாகம் பிரிப்பதற்கு முன்னாலேயே மூடிவிட்டார்கள். வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களின் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுகிற வேலை ஒன்று வந்திருந்தது. கார் ஓட்டினால்தான் வேலை. "திங்கட்கிழமை லைசென்ஸோட வாங்க. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவோம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே மூன்று தடவை டெஸ்டில் கோட்டை விட்டவள் நான். மூன்று தடவையும் ஒரே தப்பு. கிளட்சை வெடுக்கென்று விடுவேன், எஞ்சின் பொசுக்கென்று அணைந்துவிடும்.

வீட்டுக்காரர் உள்ளே போய்ச் சிவப்பு வயரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். அதனால் உலகத்துக் கரண்டெல்லாம் தன்னைக் கேட்டுத்தான் ஓடுகிறது என்று நினைப்பு.

"முக்கியமான வயரு நம்மகிட்டதான் இருக்கு" என்றார்.

"கருப்பு?"

"கருப்பு சும்மா அலங்காரத்துக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வயராலேயே அவரைக் கட்டிப்போட்டிருப்பேன். படியேறி மேலே போனேன். அத்தான் லாரி ஓட்டுகிறவர், வீட்டில் சொந்தமாக ஒரு காரும் உண்டு. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"ஆக, கருப்பு இல்லாம ஆகலைன்னு ஒத்துக்கிறான்."

"ஒத்துக்கிட்டார் அத்தான்" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். அவர் மனைவி, என் ஓரகத்தி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், கட்டிலுக்கு அடியில் புகுந்து கருப்பு வயரை இழுத்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு காரையும் எதிரெதிரே ஒட்டாமல் நிறுத்தி, எல்லாவற்றையும் அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டோம். நான் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, காரோடு வந்த கையேட்டைத் திறந்து சத்தமாகப் படித்தேன். முதலில் சிவப்பு, செத்த பேட்டரியின் பிளஸ்ஸில். அடுத்து அதன் மறுமுனை, நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில்.

"நில்லு" என்றார் அத்தான். "ரெண்டு தடவையும் சிவப்பா? அப்ப கருப்பு எப்ப?"

"அதுக்கப்புறம் அத்தான்."

"சின்ன வயசுலேருந்து இதே கதைதான். முதல்ல அவனுக்கு, மிச்சம் எனக்கு. புக் எழுதினவன் யாரு, அவன் சிநேகிதனா? கேட்டுச் சொல்லு."

ஒரு முழம் தள்ளி நின்றிருந்த வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "இஷ்டமிருந்தா வைக்கச் சொல்லு, இல்லேன்னா கிளம்பச் சொல்லு" என்றார்.

அக்காதான் காப்பாற்றினாள். கையேட்டை என்னிடமிருந்து பிடுங்கி அடுத்த பக்கத்தைப் பார்த்தாள். "இங்க பாருங்க. கழட்டும்போது எல்லாம் தலைகீழா. கருப்புதான் முதல்ல." அத்தான் எட்டிப்பார்த்து, தானே ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

சிவப்பு இரண்டு பக்கமும் ஏறியது. கருப்பின் ஒரு முனையை அத்தான் தன் பேட்டரியின் மைனஸ்ஸில் தானே மாட்டினார். மறுமுனையை எங்கள் பேட்டரிக்குக் கொண்டுபோனபோது நான் கையைப் பிடித்தேன்.

"பேட்டரில வேண்டாம் அத்தான். எஞ்சின்ல இருக்கிற இந்த போல்ட்டுல. பெயின்ட் இல்லாத வெறும் இரும்புல, பேட்டரிக்கு எட்டத்துல."

அவர் முகம் சிறுத்துப்போனது. "என்னம்மா இது? அவன் வயருக்கு மட்டும் ரெண்டு பக்கமும் பேட்டரி. என் வயருக்கு வெறும் போல்ட்டா? வீட்டுக்கு வந்தவனை வாசல்லயே உக்கார வைக்கிற மாதிரி?"

"கடைசியா மாட்டும்போது பொறி பறக்கும் அத்தான். பேட்டரில இருந்து வர்ற வாயுவில பட்டா வெடிச்சிடும். எல்லாரும் மூஞ்சியோட வீட்டுக்குப் போகணுமில்ல?"

"வாயுவா? எங்க, பாக்கிறேன்" என்று அவர் சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்து, பேட்டரிக்கு மேலே குனிந்து பற்றவைக்கப் போனார். நான் போட்ட கூச்சலில் தெருநாய் எழுந்து ஓடியது. லைட்டரைப் பிடுங்கி மதிலுக்கு அந்தப்பக்கம் வீசினேன். வீட்டுக்காரர் வாயைத் திறந்து அண்ணனை ஏதோ திட்ட வந்தார். பிறகு பேச்சு இல்லை என்பது ஞாபகம் வந்து, "பைத்தியமான்னு கேளு" என்று என்னிடம் சொன்னார்.

நான் கேட்கவில்லை. கருப்பைப் போல்ட்டில் நானே மாட்டினேன். சுள்ளென்று ஒரு பொறி. அத்தான் தன் காரை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டார். நான் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருகினேன். இரண்டு தடவை முனகிவிட்டு எங்கள் கார் உறுமியது. ஐயோ, எனக்கு அந்த எஞ்சினுக்கு ஒரு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

"இனிமே அணைக்காம ஓட்டணும்" என்று அக்கா ஜன்னலில் தட்டிச் சொன்னாள். "அணைஞ்சா அவ்வளவுதான்."

அத்தான் முழங்கை வரைக்கும் சட்டையை மடித்துக்கொண்டு, மாலை வாங்க மேடையேறுகிறவரைப் போல முன்னால் வந்தார். அவருடைய நேரம் அது. கருப்பில் கை வைக்கப் போனபோது, என் வீட்டுக்காரர் குறுக்கே வந்து நின்றார்.

"போடும்போது சிவப்பு முதல்லன்னா கழட்டும்போதும் சிவப்புதான் முதல்ல. வரிசைன்னா வரிசை. சொல்லு அவர்கிட்ட."

"புக்ல போட்டிருக்குன்னு சொல்லு அவன்கிட்ட."

"போல்ட்டுல மாட்டின வயருக்கு என்ன முதல் மரியாதைன்னு கேளு."

இரண்டு காரும் மூக்கோடு மூக்கு வைத்து உறுமிக்கொண்டிருக்க, இந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு கிளிப்பைக் காவல் காத்துக்கொண்டு நின்றார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் இறங்கி வந்தேன்.

"உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "நான் போகக் கூடாதா? அதை நேரா சொல்லுங்க."

அவர் கிளிப்பைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தார். "நீ வேலைக்குப் போயிட்டா மேல யாரு போய்ச் சொல்றது?"

அத்தான் செருப்பைக் குனிந்து பார்த்தார். அப்போதுதான் புரிந்தது, இது இரண்டு பேருக்குமான பயம். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. இத்தனை வருஷம் இரண்டு ஆம்பிளைகளுக்கு வாயாக இருந்திருக்கிறேன், எனக்கென்று ஒரு வேலை வந்தால் வழியில் நிற்கிறார்கள்.

"ரெண்டு பேரும் கையை எடுங்க" என்றேன். வார்டில் நோயாளியிடம் பேசுகிற குரல் அது. எடுத்தார்கள். போல்ட்டிலிருந்து கருப்பு, அத்தானின் பேட்டரியிலிருந்து கருப்பு, அதே பேட்டரியிலிருந்து சிவப்பு, கடைசியில் எங்கள் பேட்டரியிலிருந்து சிவப்பு. ஒன்றோடு ஒன்று முட்டாமல் கழற்றி, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி என் டிக்கியில் போட்டு மூடினேன்.

"என் வயரு!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அக்கா, ஏறுங்க."

அக்காவிடம் லைசென்ஸ் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அத்தான் அவளுக்குச் சாவி கொடுத்ததில்லை, அவ்வளவுதான். அவள் புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வழியெல்லாம், "கிளட்ச், கிளட்ச், மெதுவா விடுடி, அணைஞ்சா நடுத்தெருவுல நிப்போம்" என்று ஜபித்துக்கொண்டே வந்தாள்.

டெஸ்ட் மைதானத்தில் அவளை வாசலில் இறக்கிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார். மூன்று தடவையும் என்னைத் தோற்கடித்த அதே மனுஷன். நான் கிளட்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல விட்டேன். மேட்டில் நிறுத்தி எடுத்தேன், பின்னால் போனேன், வளைத்துத் திருப்பினேன். அணைந்தால் எழுப்ப நாதியில்லை என்ற பயத்தில் எஞ்சின் ஒரு தடவைகூட அணையவில்லை.

"என்னம்மா, இன்னிக்கு அணையவே இல்லையே!" என்று இன்ஸ்பெக்டர் ஏதோ ஏமாந்தவரைப் போலச் சொல்லிவிட்டு, பாஸ் என்று கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து, எஞ்சினை ஓடவிட்டே ஓரமாக நிறுத்தினேன். அக்கா தூரத்தில் கொய்யா வாங்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"என்ன, வயரா? தர மாட்டேன்" என்றேன் எடுத்ததுமே.

"அதில்ல. அண்ணன் கேக்கிறாரு."

"என்ன கேக்கிறாரு?"

"பாஸா, ஃபெயிலான்னு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "யாருகிட்ட கேட்டாரு?"

"என்கிட்டதான். இங்க வேற யாரு இருக்கா? நீங்க போனதுலேருந்து ரெண்டு பேரும் படியிலதான் உக்காந்திருக்கோம்."

"பாஸ்" என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. அந்தப்பக்கம் திரும்பிச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "பாஸாம்ணே."

"டேய், நல்லாக் கேட்டியா? இன்னொரு தடவை கேளுடா."

ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். விக்கி விக்கி, அடக்க முடியாமல் அழுதேன். கொய்யாப் பையோடு ஓடிவந்த அக்கா கதவைத் திறந்து, "என்னடி, மறுபடியும் அணைஞ்சிடுச்சா?" என்று பதறினாள்.