முதலாளிக்குச் சுருதி

எங்கள் இசை நாடகத்தின் கதை இதுதான்: ஒரு வழிப்பறித் திருடன், வருமானம் போதவில்லை என்று தொழிலை விட்டுவிட்டு அடுக்குமாடி கட்டி விற்கக் கிளம்புகிறான். அந்தத் திருடன் நிஜத்தில் யார் என்று எழுதியவருக்கும் தெரியும், நடித்தவருக்கும் தெரியும். ஆர்மோனியத்தில் உட்கார்ந்த எனக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். அவன் கட்டிய வீட்டில்தான் சமையலறைக் கூரை பெயர்ந்து விழுந்து என் அக்கா புருஷன் செத்தார். கூரைக்கு வயதாகிவிட்டது என்று தீர்ப்பு வந்தது. கூரைக்கு வயது இரண்டு.

முதல் ஆட்டத்துக்கு அவனே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். அரங்கமே அவனுடையதுதான். நாலாவது வரிசையில் அக்கா.

"ஊரு முன்னாடி அவன் மூஞ்சி தொங்குறத ஒரு தடவ பாத்துட்டா போதும்டா," என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

திருடன் வேஷக்காரர் பாடினார்:

"மண்ணைக் குழைச்சு மாடி வச்சேன்,
மாடி விழுந்தா மறுபடி விப்பேன்!"

கூட்டம் முழுக்க முன்வரிசையை எட்டிப் பார்த்தது. அந்த ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினான். யார் ஒன்ஸ்மோர் கேட்டாலும் எங்கள் குழு பாடியாக வேண்டும். ஆரம்பித்தோம். அவன் விறுவிறுவென்று மேடையேறி, "தள்ளிக்கப்பா, இது என் பாட்டு, நானே பாடுறேன்," என்று மைக்கைப் பிடுங்கினான். மானம், வெட்கமெல்லாம் எந்த அஸ்திவாரத்தில் போட்டு மூடினானோ.

தகரக் குரல். சுருதிக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். 'மாடி' என்ற இடத்துக்குக் குரல் எட்டவேயில்லை. பின்வரிசையில் ஒருவன் ஊளையிட்டான், நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். மேடையில் நின்றவன் முகம் வெளிறியது. நான் கையை எடுத்திருந்தால் போதும், அக்கா கேட்டது கிடைத்திருக்கும்.

ஆனால் பாடுகிறவர் தடுமாறினால் சுருதியை இறக்கித் தாங்கிப் பிடிப்பதுதான் என் இருபது வருஷப் பிழைப்பு. யோசிப்பதற்குள் என் விரல்கள் ஒரு கட்டை இறங்கிவிட்டன. அவன் குரல் ஜம்மென்று வந்து அதில் உட்கார்ந்தது. அவன் விட்ட இடத்தைக்கூட நான்தான் வாசித்து நிரப்பினேன். முடித்ததும் அரங்கமே எழுந்து கை தட்டியது.

அவன் குனிந்து என் தோளைத் தட்டினான். "நல்லவேளை, நீ இருந்தே. இல்லன்னா மானம் போயிருக்கும்!"

அவனைவிட என் விரல்கள்மேல்தான் எனக்கு வெறுப்பு வந்தது.

அக்காவும் நானும் ஒரே வாத்தியாரிடம் ஆர்மோனியம் படித்தவர்கள். எழுந்து நின்ற அத்தனை பேருக்கும் நடுவில் அவள் மட்டும் உட்கார்ந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.