சைவ மீன்

பாஷ்யம் ஐயாவை நான் வெறுத்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அடுப்பு மூட்டும்போதும் வெறுத்தேன், கோயிலில் முழங்காலில் நிற்கும்போதும் வெறுத்தேன். மாதா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்கு வடக்கே, எங்கள் ஓடையின் வாயை மறித்து அவர் கரை போட்டார். உள்ளே இறால் பண்ணை. அப்போது தூத்துக்குடிப் பக்கம் யாரைப் பார்த்தாலும் இறால் பைத்தியம் பிடித்துத் திரிந்தார்கள். அவர் ஆழ்வார்திருநகரிக்காரர், வெங்காயத்தைக்கூட வீட்டுக்குள் சேர்க்காதவர். அவரையும் அந்தப் பைத்தியம் விடவில்லை.

அந்த ஓடைதான் எங்களுக்குச் சோறு. கொடுவா மீன் கடலில் முட்டை போடும். அதன் குஞ்சுகள் ஓடைக்குள் வந்து வளரும். சில ஆற்றில் ஏறி நல்ல தண்ணீர் வரைக்கும் போகும். வளர்ந்து கடலுக்கு இறங்கும்போது எல்லாமே ஆண்தான். கடலில் இன்னும் சில வருஷம் கிடந்து பெருத்த பிறகுதான் அதே மீன் பெண்ணாகிச் சினை பிடிக்கும். இதைச் சொல்லி என் வீட்டுக்காரர் வில்பிரட்டை நான் கேலி செய்வேன். "நீங்க இன்னும் வளரணும்" என்பேன்.

கரை வந்ததும் அந்தக் கேலியெல்லாம் போயிற்று. ஐப்பசி மழைக்குப் பிறகு கடலிலிருந்து வந்த குஞ்சுகள் கரையில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றன. சுற்றிவர வழி இல்லை. வெளியே தேங்கிய குட்டைகளில் அடைந்து கிடந்தவற்றைக் கொக்குகள் பொறுக்கித் தின்றன. நானும் வில்பிரட்டும் பாஷ்யம் ஐயாவிடம் போய் நின்றோம். மீன் வர ஒரு வழியாவது விடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டோம்.

அவர் சிரித்தார். "சமுத்திரம் எவ்வளவு பெரிசு! மீன் அங்கேயே இருந்துட்டுப் போறது. இங்கே வந்துதான் ஆகணும்னு என்ன?"

அந்தச் சிரிப்பை நான் மடியில் முடிந்துகொண்டேன்.

ஓடை போனதால் வில்பிரட் லாஞ்சில், விசைப்படகில், கூலிக்குப் போனார். பழக்கமில்லாத வேலை. இழுவை மடி வலையை ஏற்றும்போது அதைச் சுற்றி இழுக்கும் விஞ்சுக் கம்பி வலது கையின் விரல்களை வாங்கிக்கொண்டது. கட்டை விரல் மட்டும் மிச்சம். வீச்சுவலை எறிய இரண்டு கையும் வேண்டும். ஆணியில் தொங்கும் வலையைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரே நினைப்புதான். அந்தக் கரை உடைய வேண்டும். உடைப்பது அந்த மனுஷன் கையாக இருக்க வேண்டும்.

வழி தானாக வந்தது. தை மாதம் பண்ணையில் இறால் குஞ்சு விட்டார்கள். பண்ணைக் காவலாளி இனிகோ எங்கள் தெருக்காரன். அவன்தான் வந்து சொன்னான்.

"ஏளா பிளாரன்ஸ், ஐயாவுக்கு மனசு உறுத்துதாம். இம்புட்டு உசிரக் கொல்லப் போறோமேன்னு பரிகாரம் பண்ணப் போறாரு. உசிரு மீனை மந்திரம் சொல்லித் தண்ணியில விடணுமாம். மீனு கொண்டாரதுக்கு ஆள் கேக்காரு."

"கடல்ல விட்டா என்னவாம்?"

"கடல்ல விட்டா நீங்கதான் மறுபடி புடிச்சிருவியளாம். பண்ணைக்குள்ளயே விட்டு, சாவுற வரைக்கும் காப்பாத்தப் போறாராம்."

எனக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது. அன்றைக்கே போய் நின்றேன்.

பாஷ்யம் ஐயா ஒன்றும் ஏமாளி இல்லை. மீன் இறாலைத் தின்னும் என்பது அவருக்குத் தெரியும். "மாமிசம் திங்கற மீன் கூடாது. பாசி திங்கற மீனாக் கொண்டு வா. சைவமா இருக்கணும், புரியறதோ?" என்றார்.

"மடவை இருக்கு ஐயா. பாசியும் சகதியுந்தான் திங்கும்."

"பேஷ்."

குட்டைகளில் கொக்குக்குத் தப்பிக் கிடந்த கொடுவாக் குஞ்சுகளை நானே சேலையால் அரித்தேன். விரல் நீளம் வளர்ந்திருந்தன. மடவை ஒரு பானை, கொடுவா நாலு பானை. வாயைத் தென்னங்கீற்றால் மூடிக் கரைக்குக் கொண்டுபோனேன். ஐயா முதல் பானையில் தம்ளரை விட்டு முகந்து, வெயிலில் தூக்கிப் பார்த்தார். வெள்ளி வெள்ளியாக மடவை. திருப்தியாகத் தலையை ஆட்டினார். ராகு காலம் வருகிறதென்று பரிகாரத்துக்கு வந்திருந்த பட்டர் அவசரப்படுத்தினார்.

இரண்டாவது பானையின் கீற்றை இனிகோ தூக்கினான். உள்ளே பார்த்தான். என்னைப் பார்த்தான். பண்ணை உப்பு ஊறி அவன் வீட்டுக் கிணறும் கெட்டுப் போயிருந்தது. கீற்றை மெதுவாக மூடி, "எல்லாம் மடவைதான் ஐயா" என்றான்.

ஐயா முழங்கால் தண்ணீரில் இறங்கி, மந்திரம் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு பானையாகக் கவிழ்த்தார். அவர் முகம் அப்படிக் குளிர்ந்திருந்தது. எனக்கும்தான்.

சித்திரையில் அறுவடைக்கு மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்தார்கள். முழங்கால் அளவு வற்றியதும் வலை போட்டு இழுத்தார்கள். இறால் ஒரு கூடைகூடத் தேறவில்லை. வலை முழுக்கக் கொடுவா, ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் நீளம், வயிறு முட்டத் தின்று மினுமினுவென்று துள்ளியது. செய்தி கேட்டு ஓடிய கூட்டத்தில் நான்தான் முதல் ஆள். அவர் முகத்தை நான் பார்க்க வேண்டாமா?

பார்த்தேன். அவர் கரைமேல் உட்கார்ந்துவிட்டார். என்னைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது.

"இது நான் விட்ட மீனா?"

"ஆமா ஐயா. நீங்க கரை போட்டு மறிச்ச மீனு. உங்க கையாலயே உள்ள விட்டிய."

இனிகோ இடையில் வந்தான். "ஐயா, கொடுவாவுக்கும் நல்ல வெலை இருக்கு. இப்பமே ஐஸ் அடிச்சா போட்ட மொதல்ல பாதியாவது..."

"வாயை மூடு!" என்று கத்தினார் ஐயா. "பெருமாள் பேரைச் சொல்லி விட்ட ஜீவன். அதை நான் கொல்லுவேனா?"

உண்மையில் நான் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கரை உடைய ஆசைப்பட்டாலும், அவர் நஷ்டப்பட்டுப் புலம்புவதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். மனுஷன் சொன்ன சொல்லில் நிற்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் வற்றி, வெயில் ஏறி, மீன்கள் சேற்றில் வாயைத் திறந்து மூடின. மதகுக் குழாய் ஒடுங்கல், அதிலும் கம்பி வலை; இந்த மீன் நுழையாது. வெளியே கடல் ஏறிக்கொண்டிருந்தது.

"என்னம்மா பண்ணலாம்? சொல்லேன்!" என்று என்னிடமே கேட்டார்.

கிடந்த மண்வெட்டியை எடுத்து நீட்டினேன். "கரைய வெட்டணும் ஐயா. வேற வழி இல்ல."

"ஆளைக் கூப்பிடு."

"நீங்க விட்ட மீனு. நீங்களே வெட்டுங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் குனியவில்லை. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை வாங்கினார். நாலு வெட்டுக்குள் மூச்சு வாங்கியது. கை கொப்புளித்தது. யாரும் உதவிக்குப் போகாதபடி நான் குறுக்கே நின்றேன். கடைசியில் கடல்தான் உள்ளே பாய்ந்து மிச்சத்தை அரித்தது. கொடுவாக்கள் எதிர் ஓட்டத்தில் முண்டி ஒவ்வொன்றாக வெளியே போயின.

வில்பிரட் ஓடையின் வாயில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். மீன்கள் காலை உரசிக்கொண்டு போயின. கட்டை விரல் மட்டும் மிஞ்சிய கையைத் தண்ணீருக்குள் விட்டு அவற்றைத் தடவிக்கொண்டிருந்தார். பிடிக்கவில்லை. "எல்லாம் ஆணுதாம்ளா. போவட்டும். பெருத்து வரட்டும்" என்றார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஐயா சேற்றோடு என் பக்கத்தில் வந்து நின்றார். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கொப்புளித்த கைகளைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் பிழைச்சுடுமா? அவ்வளவு பெரிய சமுத்திரத்துலே?" என்று கேட்டார்.

எத்தனை மாதமாக மடியில் முடிந்து வைத்திருந்தேன்!

"சமுத்திரம் பெரிசுதான ஐயா. அங்கனயே இருந்துட்டுப் போவட்டும்" என்றேன். "ஆனா அதுக குஞ்சு இங்கனதான் வரும்."

அவர் தலை குனிந்து போனார். மறுபடி கரை போட அவர் வரவில்லை. அந்த வருஷ மழைக்குக் குஞ்சுகள் ஓடைக்குள் ஏறின. நான் செய்ததைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. வருத்தப்பட்டால்தானே சொல்ல வேண்டும்?