கூட்டாளியைத் தூக்கும் பட்டன்

என் தங்கை அருணாவின் புருஷன் பிரேமை நல்லவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தப் பாழாய்ப்போன கேமை அவன் விளையாடிப் பார்க்கும்வரை.

வாசலூர்பட்டி ஏரிக்கு மேலே இருக்கும் என் மிளகுக்காட்டில் இருவரும் கூட்டாக நாலு ரூம் கட்டி டூரிஸ்ட்டுகளுக்கு விடுவதாகப் பேச்சு. இடம் என்னுடையது, கட்டுகிற செலவு அவனுடையது. திங்கட்கிழமை கையெழுத்து. மரமேறி மிளகு பறிக்க என் இடுப்பு இனி ஒத்துவராது. இந்த ரூம்களை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை.

அதனால்தான் அவர்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த நாட்களில் அவனைக் கவனித்தேன். ஏதோ வெளிநாட்டுப் பழைய கேங்ஸ்டர் படமாம், அதை வீடியோ கேமாக்கியிருக்கிறார்களாம். பேங்கைக் கொள்ளையடித்துவிட்டு ஓடும்போது கூட்டாளிக்குக் காலில் குண்டு பாய்கிறது. அவனைத் தூக்கிக்கொண்டும் போகலாம், விட்டுவிட்டும் ஓடலாம். வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் மாப்பிள்ளை விட்டுவிட்டுத்தான் ஓடினான். ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கணுமே! டீயை உறிஞ்சிக்கொண்டே ஓடினான், படுபாவி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க மாப்ள, நாளைக்கு என்னையும் இப்படித்தான் உட்டுட்டு ஓடுவீங்களா?"

"அட, இது வெறும் கேமுங்க மச்சா! படத்துல தூக்கீட்டுப் போயித்தான் ரெண்டு பேரும் மாட்டிக்குவாங்க. அதான் உட்டுர்றேன்."

"யாரு கண்டா?" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு ரிமோட்டை என் கையில் திணித்தான். முதல் ஆட்டத்தில் என் ஆளுக்குக் குண்டடி. பிரேம் ஓடி வந்து என்னைத் தோளில் தூக்கினான். பத்தடி போவதற்குள் போலீஸ் இருவரையும் சுட்டுத் தள்ளியது.

"இப்பப் போதுங்களா மச்சா?" என்றான். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அருணாவும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கேட்டபிறகு எவன்தான் தூக்கமாட்டான்? நாளைக்குக் கையெழுத்து விழணுமே, அதற்கான நடிப்பு!

அடுத்த ஆட்டத்தில் அவன் ஆளுக்கு அடி. "தூக்குங்க மச்சா! அந்த மஞ்சப் பட்டன்!" என்று கத்தினான். மஞ்சள் பட்டன் என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. என்னையா ஏமாற்றப் பார்க்கிறாய் என்று கறுவிக்கொண்டு ஓடினேன். காரில் ஏறித் தப்பித்தேன். நான் ஜெயித்துவிட்டதாக டீவி முழுக்க எழுத்து மின்னியது.

ஸ்டூலின் மேலிருந்த ஒப்பந்தப் பத்திரத்தை அருணா வந்து எடுத்து மடித்தாள்.

"வெறும் கேம்தானே கண்ணு," என்றேன்.

"இருந்த ஒரே ஜீப்பையும் வித்து உங்க காட்டுல போடறாருங்கண்ணா. அவரு கத்துனது உங்க காதுல உழுந்துதுங்களா, இல்லீங்களா?"

விழுந்தது. இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை.

பிரேமாவது அவளை அடக்குவான் என்று திரும்பினேன். அவன் டீவியை அணைத்தான்.

"நாளைக்குப் பத்திர ஆபீசுக்கு வர வேண்டாங்க மச்சா," என்றான்.