மணமாகாத மகள்

இடுப்பு... பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி சூளைச் சூடுபோல அடியிலிருந்து ஏறியது, மண் மிதித்து, பச்சைச் செங்கல் அடுக்கித் தேய்ந்த இடுப்பு, அதன் மேல் அமெரிக்கத் தூதரகம் இருக்கும் இந்த ஹுவாரெஸ் வரை பேருந்துக் குலுக்கல் வேறு, எழுந்து நிற்கலாமா, நின்றால் காவலாளி பார்ப்பானே, பார்த்தால் என்ன, எர்லிந்தா என்ன திருடியா... திருடிதானோ? மணமாகாத மகள். அமெரிக்காவில் கோஸ் வெட்டும் அப்பா அவளைக் கூப்பிட்டுக்கொள்ளப் போட்ட மனுவில் அவள் அதுதான். இருபது வருஷம் வரிசையில் கிடந்த மனு, அவள் கல்யாணம் செய்தால் அன்றைக்கே செத்துப்போகும் மனு. அதனால் செய்யவில்லை. காசிமிரோவோடு ஒரே கூரை, ஒரே கட்டில், ஒரே சூளை, ஆனால் பதிவு அலுவலகப் படியை இருவரும் மிதித்ததில்லை. "உங்கப்பன் மனு நமக்கு நடுவுலதான் படுத்துக் கெடக்கு புள்ள, கொறட்டை வேற விடுது" என்பான், சிரிப்பாள். வயிற்றில் இருந்தது ஏழாம் மாதம் போனபோது அத்தை சொன்னாள், "விடுடி, மனுவுக்குத் தொந்தரவு இல்லாமப் போச்சு." அன்று சிரிக்கவில்லை.

ஊரில் மனு எழுதும் ஃபெர்மின் நேற்றுகூடப் போனில் படித்துப் படித்துச் சொன்னான், "ஆம்பள வாடையே வரக்கூடாதும்மா, கூட யாருன்னு கேட்டா யாருமில்ல, நாக்கு பிசகுச்சோ எல்லாம் போச்சு." சந்தையிலும் தேவாலயத்திலும் 'எங்க வீட்டுக்காரரு' என்றே பழகிய நாக்கு இது, எங்கே போய்க் கட்டிவைப்பது? வெளியே, தெருவுக்கு அந்தப் பக்கம், அவள் பையையும் போனையும் வைத்துக்கொண்டு காசிமிரோ, யாரோ எவரோபோல் நிற்கச் சொல்லியிருக்கிறாள், நிற்பானா, இல்லை வாசலுக்கே வந்து எட்டிப்பார்ப்பானா, கூரை மூலையில் அந்தக் கறுப்புக் கேமரா தெருவரை பார்க்குமோ... அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் சின்னப் பையன்போல ஓர் அதிகாரி, காலை வணக்கம் சொன்னான், அதுவே பயமாக இருந்தது. கல்யாணம் ஆயிடுச்சா? இல்லீங்க. எப்பவாவது ஆச்சா? இல்லீங்க. வீட்ல கூட யாரு இருக்கா? யாருமில்லீங்க, தனியாத்தான். ஆம்பளத் துணை? இல்லவே இல்லீங்க. நாக்கு பிசகவில்லை, அவன் கணினியில் தட்டத் தட்ட அவள் பேச்சு அதற்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. "விசா கொடுத்தாச்சும்மா. எல்லையத் தாண்டறதுக்கு முன்னாடி மட்டும் கல்யாணம் பண்ணிக்காதீங்க."

அவ்வளவுதானா? திரும்பும்போது பக்கத்துக் கண்ணாடியில் ஒரு பருத்த அம்மாள், கடைத்தெருக் குரலில், "என் ஆளோடதாங்க இருக்கேன், பதிவு கிதிவு ஒண்ணும் கெடையாது, சோத்துக்கு மட்டும் கரெக்டா வந்துருவான்" என்றாள், உள்ளே இருந்தவள் சிரித்தாள், "சேர்ந்து இருந்தா இருங்க, அது கல்யாணக் கணக்குல வராது. உங்களுக்கும் விசா கொடுத்தாச்சு." வராதா? சொல்லியிருக்கலாமா? ஃபெர்மினுக்கு யார் சொன்னது, யாரைப் போய்க் கேட்டான், கேட்காமலே நம்பியவள் யார்... நாளைக்குக் காசிமிரோவைக் கூப்பிட்டுக்கொள்ள அவளே மனுப் போடும்போது இதே பேச்சை எடுத்து முன்னால் வைப்பார்களே, அப்போது இவன் எங்கிருந்து வந்தான் என்பார்களே.

காசிமிரோ ஓடி வந்தான், கையில் ஆறிப்போன பரிட்டோ ரொட்டிச் சுருள். "குடுத்துட்டானா?" தலையாட்டினாள். "என்னைப் பத்திக் கேட்டானா?" ம். "என்ன புள்ள சொன்ன?" ரொட்டியை வாங்கிக் கடித்து மென்றாள். "பாத்தியா, வெக்கத்தப் பாரு! சரி, கல்யாணக் கோட்டு தைக்கக் குடுத்துரவா?" என்று அவன் சிரிக்க, அவளை உறுத்தியது பொய் சொன்னதுகூட இல்லை, சொன்னபோது இடுப்பு வலிகூட மறந்து லேசாக இருந்ததே, அது என்ன... அது தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான், இந்த மனுஷனுக்கு அவள் ஒரு கல்யாணம் பாக்கி.