கிட்டங்கித் தோணியும் தங்கப் பந்தும்

றுஸ்தா செய்த கருவியைப் பற்றி அவளைவிட அவளுடைய கணவர் இஹ்ஸானுக்குத்தான் அதிகம் தெரியும். கல்முனைச் சந்தைக்கு வந்த எவரும் அவரிடம் அதைக் கேட்காமல் மீனோடு வீடு போனதில்லை. வானத்துக்கு மேலே பிளாஸ்மா என்று மின்னேறிய துகள்களின் கடல் ஒன்று இருக்கிறதாம். அதில் மிதக்கும் செயற்கைக்கோளில் மின்னேற்றம் கூடினால் உள்ளே இருப்பதெல்லாம் பொரிந்துபோகுமாம். அதை அளக்கத்தான் கம்பி நுனியில் தேசிக்காய்ப் பருமனில், எலுமிச்சம்பழம் போல, தங்கமுலாம் பூசிய பந்து. அதன் பளபளப்பில் காகங்கள் திசை மாறிப் பறந்தன என்றார். எவரும் மறுக்கவில்லை.

மாதிரிப் பந்தொன்றை இருவரும் நாவிதன்வெளிச் சிநேகிதருக்குக் காட்டக் கொண்டுபோனார்கள். அங்கே சோறு தின்று கை கழுவுவதற்குள் பெய்த மழையில் கிட்டங்கிப் பாலம் வெள்ளத்தில் மூடிப்போனது. கனகரெத்தினத்தின் தோணியில் திரும்பினார்கள். சவர்க்காரப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய தோணி. கரை வந்ததும் றுஸ்தா காலை ஊன்றி எம்பினாள். தோணி பின்னால் நழுவ, இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். பந்து மட்டும் தலைக்கு மேலே.

"சின்னத் தோணியில இப்பிடியா பாயிற, தங்கச்சி?" என்றார் கனகரெத்தினம்.

அவள் கரையேறாமல் அங்கேயே நின்று யோசித்தாள். செயற்கைக்கோள் ஒரு றாத்தல் பாண் ரொட்டி அளவுதான். இவ்வளவு பெரிய பந்து மின்னை இழுத்தால், செயற்கைக்கோளின் மின்னழுத்தமும் இந்தத் தோணியைப் போல மறுபக்கம் நழுவும். அளக்கப் போன கருவியே மின்னேற்றத்தை உண்டாக்கிவிடும். ஆய்வுகூடத்தில் செயற்கைக்கோளின் மாதிரிப் பெட்டியைப் பிளாஸ்மா உண்டாக்கும் வெற்றிடத் தொட்டியின் சுவரோடு வயரால் கட்டியிருந்ததால் அது தெரியவில்லை.

அடுத்த நாளே மிளகளவில் ஒரு பந்து செய்தாள். இஹ்ஸான் வெட்கத்தில் சந்தைப் பக்கம் போவதை நிறுத்தினார். சின்னப் பந்தின் மின்னோட்டமோ, அடுத்த தெருவில் மிக்சி ஓடினாலே கலங்கியது. அதைப் பெருக்கும் சுற்றைப் பந்தின் கழுத்திலேயே வைத்துச் செப்புத் தகட்டால் மூடினாள். கல்முனையில் பற்றவைக்கும் ஈயம் தீர்ந்து அக்கரைப்பற்றிலிருந்து வர வேண்டியிருந்தது.

செயற்கைக்கோள் திட்டத் தலைவர் பவிதரன் மசியவில்லை. வடிவத்தை மாற்றும் காலம் முடிந்துவிட்டது, இனி மாற்றினால் அவளுடைய கருவியின் இடத்தில் எடைக்கு ஓர் இரும்புக் கட்டிதான் போகும் என்றார்.

"சேர், நாம கட்டிவெச்சுச் சோதிச்சம். மேல கட்ட ஒண்டுமில்ல. ஒருக்கா அவிட்டுப் பாப்பம். நான் பிழையெண்டா கட்டியையே அனுப்புங்க."

வயரை வெட்டி, பற்றரியில் ஓடும் பெட்டியை நைலோன் நூலில் தொட்டிக்குள் தொங்கவிட்டாள். பெரிய பந்து மின்னை இழுத்ததும் பெட்டியின் மின்னழுத்தம் சரிந்து விழுந்தது. மிளகுப் பந்துக்கு அசையவேயில்லை. பவிதரன் திரும்பச் செய்யச் சொன்னார். செய்தாள். மறுபடியும் சொன்னார். மறுபடியும் செய்தாள்.

"சரி, பெரிசக் கழட்டுங்க," என்றார் கடைசியில்.

அவள் அதற்குள் பாதி கழற்றியிருந்தாள்.