தையல் மிஷின் இல்லாத வீடு

உலைக்காரர் யாரையும் நம்பமாட்டார். பேருந்தில் நடத்துநர் சீட்டுக் கிழித்துக் கொடுத்தால் அதில் தேதி சரியா என்று பார்ப்பார். டாக்டர் எழுதிய மாத்திரையைப் பற்றி மருந்துக்கடைக்காரனிடம் கேட்பார். மருந்துக்கடைக்காரன் சொன்னதைத் திரும்பப் போய் டாக்டரிடம் கேட்பார். பாட்டில் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் உலை முன்னால் நின்று கண்ணாடி உருக்கியவர். இந்த உலகத்தில் சொன்னபடி நடந்துகொண்டது அந்த உலை ஒன்றுதான் என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷர் எழுபதாவது வயதில் பொது நூலகத்துக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா?

மனைவி போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரே மகள் தூரத்தில் வேலையாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, கதவைப் பூட்டினீங்களா. மூன்று கேள்வி, மூன்று பதில், அவ்வளவுதான் வாரத்துப் பேச்சு. போன ஞாயிறு வாய் தவறி நாலாவதாக ஒன்றைச் சொல்லிவிட்டாள்.

"அம்மா ஒரு தடவை சொன்னாங்கப்பா. வாழ்க்கையிலேயே என்னை உக்கார வச்சு என்னைப் பத்திக் கேட்டது, அந்தக் கணக்கெடுக்க வந்த பொண்ணு ஒருத்திதான்னு. கேட்டதுக்கெல்லாம் மனசுல இருந்ததை அப்படியே சொன்னேன்னாங்க."

உலைக்காரருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கட்டின புருஷனிடம் சொல்லாததை, பையைத் தூக்கிக்கொண்டு வந்த எவளோ ஒருத்தியிடம் சொன்னாளாமே, என்ன சொன்னாள்? என்னைப் பற்றித்தான் ஏதாவது போட்டுக் கொடுத்திருப்பாள். வேறு என்ன இருக்கிறது அவளுக்குச் சொல்ல?

அந்தப் பெண் வந்தது அவருக்கும் நினைவிருந்தது. முப்பத்துநாலு வருஷம் முன்னால். வீட்டு வேலை, வெளி வேலை, யார் என்ன செய்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளும் கணக்கெடுப்பு. இரண்டு வீடு தள்ளி அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே இவர் தையல் மிஷினைச் சுவரோரம் தள்ளி, மேலே போர்வையைப் போர்த்தி, அதன்மேல் தலையணைகளை அடுக்கிவிட்டார். மிஷின் இருக்கிறதென்று எழுதிக்கொண்டு போனால் நாளைக்கு அதற்கும் ஒரு வரி போடுவான்கள் என்று பயம். "தையல் மிஷின் உண்டா?" என்று கேட்டாள். "அதெல்லாம் எங்க இருக்கு?" என்றார். "மனைவி என்ன வேலை செய்றாங்க?" என்றாள். "அவளா, வீட்ல சும்மாதான் இருக்கா." மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முதல் பக்கம் குடும்பத் தலைவருக்கு, இரண்டாம் பக்கம் பெண்ணிடம் தனியாகத்தான் கேட்க வேண்டும், நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனாள். மறுநாள் இவர் உலைக்குப் போய்விட்டார்.

நூலகர் ஐம்பது வயது அம்மாள். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். உலைக்காரர் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"பழைய கணக்கெடுப்பெல்லாம் இப்ப இன்டர்நெட்ல இருக்குமாமே?"

"எல்லாம் இருக்காது ஐயா. தேடிப் பாப்போம்."

முதலில் வந்ததெல்லாம் வேலைவாய்ப்பு விளம்பரம். பிறகு பத்திரிகைச் செய்தி. அவள் அவற்றைத் தொடவே இல்லை. "முதல்ல வர்றதை நம்பக் கூடாது. யாரு எழுதினாங்க, யாரு பத்திரப்படுத்தினாங்கன்னு பாக்கணும்" என்றாள். உலைக்காரர் நாற்காலியை ஓரடி நகர்த்திப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். நம் ஜாதிதான் இந்த அம்மாள், எதையும் நம்பாத ஜாதி.

புள்ளிவிவர அலுவலகத்தின் பக்கத்தைத் திறந்தால், அந்தப் பக்கம் இல்லை என்று வந்தது. "ஆரம்பத்துலயே கை விரிச்சுட்டானா?" என்றார் உலைக்காரர். அவள் வேறு வழியில் போனாள். ஒரு பல்கலைக்கழகத்தின் தரவுக் காப்பகத்தில் அந்த வருஷத்து அறிக்கை அகப்பட்டது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். வீட்டிலேயே இருந்து உழைக்கிற பெண்கள் நூற்றுக்கு இத்தனை, வெளியே போக விருப்பம் உள்ளவர்கள் நூற்றுக்கு அறுபத்திரண்டு என்று பக்கம் பக்கமாகக் கட்டங்கள்.

"இந்த அறுபத்திரண்டுல அவ இருக்காளா, மிச்ச முப்பத்தெட்டுல இருக்காளா?"

"இதுல தெரியாது ஐயா. இது கூட்டிப் பெருக்கினது. வீடு வீடா எழுதினது தனியா இருக்கு. ஆனா அதை வாங்க நாம யாரு, எதுக்குன்னு எழுதிக் கேக்கணும்."

"என் பொண்டாட்டி என்ன சொன்னான்னு பாக்கணும்னு எழுதுங்க."

அவள் கொஞ்சம் யோசித்து, 'குடும்ப நல ஆய்வு' என்று தட்டினாள். "நான் ஆராய்ச்சிக்காரன் ஆயிட்டேனா?" என்றார். "இன்னிக்கு ஒரு நாளைக்கு" என்றாள்.

அனுமதி வர நாலு நாள் ஆனது. நாலு நாளும் உலைக்காரர் காலையில் போய் உட்கார்ந்துவிட்டு, நூலகம் சாத்தும்போது திரும்பினார். வீட்டில் இருந்தால் மட்டும் என்ன, சுவரோடு பேசவேண்டும்.

ஐந்தாம் நாள் திரையில் கோடு கோடாக எண்கள் இறங்கின. ஒரு கோடு ஒரு வீடு. பேர் கிடையாது, தெரு கிடையாது. "ஆளை மறைச்சுட்டுச் சொன்னதை மட்டும் வச்சிருக்காங்க" என்றாள் நூலகர். அவர் தன் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அவள் சல்லடையில் சலிப்பதுபோல் மற்ற வீடுகளைக் கழித்துக்கொண்டே வந்தாள். இந்த ஊர். வீட்டில் நாலு பேர். ஆண் முப்பத்தாறு, கண்ணாடி உலை வேலை. பெண் இருபத்தொன்பது. படுத்த படுக்கையாக மாமியார். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை.

ஆயிரத்து எண்ணூறு வீடு நாற்பதாயிற்று. நாற்பது ஆறாயிற்று. கடைசியில் இரண்டு கோடு நின்றது. அதற்குமேல் சலிக்க அவரிடம் அடையாளம் இல்லை. பாட்டில் கம்பெனி ஊரில் உலைக்காரனுக்கா பஞ்சம்?

"ரெண்டையும் படிம்மா."

அவள் படித்தாள். முதல் வீட்டுப் பெண்: வெளி வேலைக்குப் போக விருப்பம் இல்லை. மனசுக்குக் கஷ்டம் வந்தால் யாரிடம் சொல்வீர்கள்? கணவரிடம்.

இரண்டாம் வீட்டுப் பெண்: ஒரு நாளைக்குத் தையல் ஆறு மணி நேரம், மாமியாரைப் பார்த்துக்கொள்வது மூன்று மணி நேரம். வெளி வேலைக்குப் போக விருப்பம் உண்டு. கஷ்டம் வந்தால் யாரிடம் சொல்வீர்கள்? யாரும் இல்லை.

உலைக்காரர் சட்டென்று முதல் கோட்டின்மேல் விரலை வைத்தார். "இதுதான். இவதான்."

"இருங்க ஐயா. ஒரு வித்தியாசம் இருக்கு. முதல் வீட்டுல தையல் மிஷின் இல்லைன்னு இருக்கு. ரெண்டாவது வீட்டுல உண்டு. உங்க வீட்டுல இருந்துச்சா?"

விரல் அங்கேயே இருந்தது. "இருந்துச்சு. இல்லைன்னு சொன்னேன்."

"அப்ப முதல் வீடா இருக்கலாம்." அவள் இன்னொரு தாளைத் திறந்தாள். கணக்கெடுப்பவர்களுக்குக் கொடுத்த விதிப் புத்தகமாம், அதுவும் அதே காப்பகத்தில் கிடந்தது. அதைப் படித்துக்கொண்டே வந்தவள் குரல் தாழ்ந்தது. "ரெண்டாம் பக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, முதல் பக்கத்தை அந்தம்மாகிட்டப் படிச்சுக் காட்டணும். தப்புன்னா திருத்திக்கணும்னு போட்டிருக்கு. உங்க மனைவி நீங்க சொன்னதையே ஒத்துக்கிட்டிருந்தா முதல் வீடு. திருத்தியிருந்தா ரெண்டாவது."

அந்தப் பெண் இரண்டாம் முறை வந்துபோன அன்று சாயங்காலம், உலையிலிருந்து வந்ததும் மனைவியைக் கேட்டது அவருக்கு ஞாபகம் வந்தது. மிஷினைப் பத்திக் கேட்டாளா? கேட்டா. என்ன சொன்னே? கேட்டதுக்குப் பதில் சொன்னேன். அவ்வளவு மட்டும் சொல்லிவிட்டு அவள் தைத்துக்கொண்டிருந்த துணியைத் திருப்பிப் போட்டாள். சமாளித்துவிட்டாள், கெட்டிக்காரி என்று இவர் நினைத்துக்கொண்டார். அரிச்சந்திரன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் பிறந்தவள் என்று அவளைக் கேலி செய்தவரும் இவர்தான். கடன் கேட்டு யாராவது வந்தால், வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லி இவர் கதவுக்குப் பின்னால் நிற்பார்; 'அவர் இல்லைன்னு சொல்லச் சொன்னார்' என்று சொல்லிவிட்டு வருவாள்.

"எதுன்னு உறுதியாச் சொல்ல முடியாது ஐயா" என்றாள் நூலகர். "முதல் வீட்டையே வச்சுக்கங்களேன். யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"அவ பொய் சொல்ல மாட்டாம்மா" என்றார். "அந்த வீட்ல பொய் சொன்னது நான் ஒருத்தன்தான்."

விரலை எடுத்து இரண்டாம் கோட்டுக்குக் கொண்டுபோனார். பிறகு முதல் கோட்டைப் பார்த்துக் கேட்டார்: "இந்த வீட்டுக்காரன் எவன்னு கண்டுபிடிக்க முடியாதா?"

"முடியாது ஐயா."

"எந்த உலையில நின்னானோ. பக்கத்துலயேகூட நின்னிருப்பான்." எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கொடுத்து வச்ச பய."

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். சாப்பிட்டாச்சு, மாத்திரை போட்டாச்சு, கதவைப் பூட்டியாச்சு. மூன்றையும் அவள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டு, "உங்கம்மா சொன்னது கிடைச்சுது" என்றார்.

"நிஜமாவா? என்னப்பா சொல்லியிருக்காங்க?"

கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. "கஷ்டம்னா சொல்றதுக்கு யாரும் இல்லைன்னு சொல்லியிருக்கா. நான் இருக்கும்போதே."

போன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"தெரியும்பா" என்றாள் மகள், மெதுவாக. "எனக்குப் பத்து வயசு இருக்கும்போதே தெரியும்." பிறகு குரல் இன்னும் கிட்டத்தில் வந்த மாதிரி இருந்தது. "அதை விடுங்க. உங்களுக்குக் கஷ்டம்னா இப்ப யார்கிட்டப்பா சொல்றீங்க?"

உலைக்காரர் வாயைத் திறந்தார். மகளே கேட்கிறாள், சொல்லலாம். எட்டு மாதமாகச் சேர்த்து வைத்தது இருக்கிறது. எதை முதலில் எடுப்பது, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. எழுபது வயதுவரை ஒரு தடவைகூடச் செய்யாத வேலை.

"அடுப்புல தண்ணி கொதிக்குது" என்று சொல்லிப் போனை வைத்தார்.

அடுப்பை அன்று காலையிலிருந்தே பற்றவைக்கவில்லை.