மிலோஷின் ‘நோ’

மிலோஷ் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த முதல் நாளே என் மனைவி யோகாவைக் குழப்பிவிட்டான்.

“என்ன மனுசனப்பா இவர்? சோறு போடட்டோ எண்டால் ‘நோ, நோ’ எண்டுறார். பிறகு சோத்துக் கோப்பையையும் நீட்டுறார்!”

செக் பேச்சில் ‘நோ’ என்றால் ஆமாம், எங்கள் ஊர் ‘ஓம்’ என்பது அன்றுதான் தெரிந்தது. அவனை என் தலை குழப்பியது. நான் ஓம் என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்ட, மறுக்கிறேன் என்று நினைத்து முகம் வாடுவான். இப்படித் தொடங்கிய சிநேகிதம் ஆறு வருஷம் ஓடியது.

அறுபத்தெட்டில் பிராக் நகருக்குள் டாங்கிகள் நுழைந்ததும் சிட்னிக்குத் தப்பி வந்தவன் அவன். வார நாட்களில் செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் லேத் மெஷின் முன் நிற்பான். ஞாயிறுகளில் செக்காரர்களின் உதைபந்தாட்டக் கழகத்தில் முன்கள வீரன். நான் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். ஞாயிறுகளில் அவர்களின் காயங்களுக்கு ஐஸ் வைப்பவன். மிலோஷுக்கு உயரமில்லை, பெரிய வேகமுமில்லை. பந்து எங்கே விழும் என்று மட்டும் யாரோ அவன் காதில் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

எழுபத்தைந்தில் சீசனின் கடைசி ஆட்டம்தான் அவனுக்கும் கடைசி. வயது முப்பத்தைந்து, கோல்கள் தொண்ணூற்றொன்பது. கழகத்து அவசரக்குடுக்கைகள் ‘100’ என்று பொறித்த கேடயத்தையே தயாராக வைத்திருந்தார்கள். வலது முழங்காலில் இன்னொரு பலத்த அடி விழுந்தால் ஆயுசுக்கும் ஊன்றுகோல்தான் என்று டாக்டர் சொன்னதை மிலோஷ் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

ஆட்டம் முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது விழுந்தான். வாளியோடு ஓடினேன். முழங்கால் என் கைக்குள்ளேயே வீங்கிக்கொண்டிருந்தது.

“ஒன்றுமில்லை என்று சொல்லு ராஜா. ஒரேயொரு கோல்.” அவன் கண் கலங்கியிருந்தது.

கோட்டுக்கு வெளியே நின்ற ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் கத்தினார். “ஆடுவானா?”

நான் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். அசல் யாழ்ப்பாணத்து ஓம். பயிற்சியாளருக்கு அது ‘இல்லை’. உடனே வேறொருவனை இறக்கினார்.

மிலோஷ் புல்லில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். “பாவம் ராஜா, அவன் ஊர்த் தலையாட்டல் அப்படி” என்று மற்றவர்கள் சிரித்து என்னை மன்னித்துவிட்டார்கள்.

ஆனால் நோயாளிகள் குழம்புகிறார்கள் என்று, வெளியாட்கள் முன் தலையை மேலும் கீழும் ஆட்டப் பழகி எனக்கு ஐந்து வருஷமாகியிருந்தது. அன்றைக்கு மட்டும் பழைய ஆட்டம் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். அவனிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் ஊன்றுகோலோடு நடப்பதைப் பார்க்க மனமும் வரவில்லை.

மூன்று வாரம் அவன் எட்டிப் பார்க்கவில்லை. யோகா ஞாயிறுதோறும் அவனுக்கும் சேர்த்து உலை வைத்தாள். நாலாவது ஞாயிறு வந்தான். வாசற்படிகளைக் கைபிடி தொடாமல் ஏறியதைத்தான் முதலில் பார்த்தேன்.

கதிரையை இழுத்து உட்கார்ந்தான். பாதிச் சாப்பாட்டில் நிறுத்தினான்.

“என் முன்னால் நீ ஐந்து வருஷமாக மேலும் கீழும்தான் ஆட்டுகிறாய்.”

நான் என் கோப்பையைத் தள்ளி வைத்தேன். “தெரிந்துதான் செய்தேன். என் மேல் கோபமா?”

“நோ.”

எந்த மொழியில் சொன்னான் என்று நான் கேட்கவில்லை. இரண்டு மொழியிலும் அது உண்மையாகத்தான் இருந்திருக்கும். மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்து, அவன் வெறும் கோப்பையை யோகாவிடம் நீட்டினான். அவள் எதுவும் கேட்காமல் சோறு போட்டாள்.